கறுப்புக்குக் கீழே இருந்த நீலம்

எங்கள் பகுதி மோட்டார் வேலைத்தளக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, கொட்டகலையில் கராஜ் வைத்திருக்கும் சுரேஷ் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார். மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பைப்பை நிறம் மாற்றுவது பற்றி நான் எழுத வேண்டுமாம்.

"இப்ப எல்லாரும் நீலந்தான் கேக்கிறாங்க பாஸ். கேஸ் லாம்பு புடிச்சு சூடு காட்டினா மஞ்ச, ஊதா, நீலம்னு வரிசையா வருது. ஆனா ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது. இந்தப் பக்கத்துல பைப்புக்கு மொதல்ல கலர் ஏத்தினது நீங்கதானாமே. எழுதித் தாங்க, எங்களுக்கும் பிரயோசனமா இருக்கும்" என்றார்.

நான் வேலை செய்த காலத்தில் நீலத்தை வரவழைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. அதை மறைக்கச் சொல்லித்தான் வந்தார்கள். அப்படி நான் மறைத்த ஒரு நீலத்தால் ஒரு பெண்ணின் கால் போயிற்று. அந்தப் பழியை அவளுடைய அண்ணன் தன்மேல் போட்டுக்கொண்டார். அவர் சுமக்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன். சுரேஷ் கேட்ட செய்முறையையும் எழுதுகிறேன், இதையும் எழுதுகிறேன். ஒன்றை விட்டு மற்றதை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர். கொட்டகலையில் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறிமுறை படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, கந்தப்பளை பஜாரில் இருந்த குணபால பாஸின் கராஜில் சேர்ந்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் என்னை மண்ணெண்ணெயில் உதிரிப்பாகம் கழுவ வைத்தார். என் பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாஸைப் பற்றிச் சொல்ல இருக்கிறது; கைத்தொழில் தெரிந்த மூத்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் தடையில்லாமல் பேசுவார், ஆனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அவருக்கு ஆண்பால். வண்டியைக் கொண்டுவந்தவர் குறையைச் சொல்லி முடிக்கும்வரை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிற்பார். வாடிக்கையாளர் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதுவுமே காதில் விழாதவர் போல ஒரே கேள்வி கேட்பார்: "இவன் எங்க ஓடுறான்? மேலயா, கீழயா?"

பதில் வரும்வரை ஸ்பேனரைத் தொடமாட்டார். ஒருமுறை பஜார் மரக்கறி வியாபாரி ஒருவர் பொறுமை இழந்து, "ஏன் பாஸ், எங்க ஓடினா என்ன? அறுந்தது பிரேக் கம்பிதானே? ஜாதகம் பாக்கிறீங்களா?" என்றார். "ஜாதகம்தான். அவன் எறங்குற எடம் தெரியாம நான் அவனுக்கு பிரேக் கட்டுறதா?" என்று பாஸ் அதே குரலில் பதில் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். நாம் செய்த வேலையை நம் கண் முன்னாலேயே கழற்றி, முதலிலிருந்து தானே செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அடி வாங்குவது மேல்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. கந்தப்பளை உயரத்தில் காற்று மெலிது. கொழும்பில் சரியாக ஓடும் வண்டி இங்கே வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடித்துப் புகைத்துத் திணறும். அதனால் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றுவோம். காபரேட்டருக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் துண்டு அது. நடுவில் ஊசிமுனைத் துளை. துளை சிறுத்த ஜெட்டைப் போட்டால் வண்டி மலையில் நன்றாக இழுக்கும். ஆனால் அதே வண்டி கீழே இறங்கி வெக்கையான இடத்தில் ஓடத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். காற்று கனக்கும், பெற்றோல் போதாது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் பிஸ்டன் ஒருநாள் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இதை எஞ்சின் முன்கூட்டியே சொல்லும். சொல்வது பைப்பில்தான். உட்புறம் எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் பெற்றோல் அதிகம். மண் நிறமாக இருந்தால் சரி. உட்புறம் காய்ந்து வெளுத்து, வெளியே எஞ்சினை ஒட்டிய வளைவில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம் ஏறினால், உள்ளே நெருப்பு மிஞ்சுகிறது. இதையெல்லாம் நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். தெரியாமல் செய்த பிழை என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

பைப்புக்கு வர்ணம் பூசுவது எங்கள் கராஜில் நான் கொண்டுவந்த வேலை. எங்கள் ஊர் மூடுபனியில் குரோம் சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுப் பைப் கிடைப்பது அரிது. ஆகவே நான் கறுப்பு ஏற்றிக் கொடுத்தேன். நுவரெலியாவிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

குரோம் மேல் வர்ணம் ஒட்டாது. பளபளப்பு முழுவதும் சாகும்வரை எமரித் தாளால் தேய்க்க வேண்டும். பாலாடை படிந்தது போல மங்க வேண்டும். பிறகு தின்னரால் துடைப்பது. துடைத்த பின் வெறுங்கையால் தொடக் கூடாது. தொட்டால் பின்னொரு நாள் அந்த இடத்தில் வர்ணம் உரியும், விரலின் வடிவம் அப்படியே தெரியும். சூடு தாங்கும் வர்ணத்தை மெல்லிசாக அடித்து, அந்தக் கோட் காய்ந்த பிறகே அடுத்ததை அடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தடிப்பாக அடித்தால் கொப்புளிக்கும். மூடுபனி கராஜுக்குள் நுழையும் பின்னேரங்களில் வர்ணம் அடிக்கவே கூடாது.

அடித்தால் மட்டும் போதாது, வேக வைக்க வேண்டும். ஆரம்பத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலை அடுப்பை நினைத்துக்கொண்டு அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரிடம் போய்க் கேட்டேன். "ஏம்பா, ஒன் பைப்பு வாசம் என் தேயிலையில ஏறி ஏலத்துக்குப் போகணுமா? எங்க மேல ஏதும் கோவமா ஒனக்கு?" என்று விரட்டிவிட்டார். பிறகு பழைய எண்ணெய்ப் பீப்பாயில் நானே அடுப்புச் செய்தேன். தோட்டங்களில் பிடுங்கி விற்கும் பழைய தேயிலைக் கட்டைகள்தான் விறகு. அவை சீறாமல், நின்று எரியும். பீப்பாய்க்குள் போட்ட காகிதத் துண்டு கருகாமல் பழுத்தால் சூடு சரி. கடைசியில் பைப்பை வண்டியில் பொருத்தி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மீண்டும் கொஞ்சம் அதிகமாக ஓடவிட வேண்டும். அப்படி இறுகிய கறுப்பு லேசில் போகாது. என் கறுப்பு போகாது என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது.

இராமலிங்கம் மாஸ்டர் வந்தது, பாஸ் குடும்பத்தோடு சிவனொளிபாத மலைக்குப் போயிருந்த வாரத்தில். தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தார். அந்த எண்ணெய் குறைந்தாலும் பிஸ்டன் கவ்வும். வண்டி வாங்கிய புதிதில் அதற்குச் சிறிய ஜெட் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"சவரி, இங்க பாருங்களேன். பைப்பு சேவல் கழுத்து மாதிரி ஆயிருச்சு. ஸ்கூல்ல பிள்ளைங்க, 'சேவல் சேர் வந்துட்டாரு'ன்னு சிரிக்குதுங்க. ஒங்க கறுப்பு கொஞ்சம் ஏத்தித் தர முடியுமா?"

"முடியுமாவா? திரும்பி வந்து பாத்தா இது ஒங்க வண்டிதானான்னு ஒங்களுக்கே சந்தேகம் வரும் மாஸ்டர்" என்றேன்.

எங்கே ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தப் பள்ளித் தவணையில்தான் அவருக்கு வலப்பனைக்கும் கீழே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது. வாரந்தோறும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

பைப்பைக் கழற்றினேன். மலையில் ஓடும் பைப்பின் உட்புறத்தைச் சுரண்டுவது நாற்றம் பிடித்த வேலை; எண்ணெய்க் கரி தார் போல இருக்கும். இது உள்ளே காய்ந்து, சாம்பல் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. சுரண்டும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். அந்த மகிழ்ச்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நீலத்தைத் தேய்த்து எடுத்தேன். எஞ்சினை ஒட்டிய மடிப்பில் எமரித் தாள் எட்டாத இடத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. அதன் மேலேயே கறுப்பை அடித்தேன்.

வண்டியை எடுக்க வந்தபோது மாஸ்டர் தன் தங்கை தவமணியையும் கூட்டிவந்திருந்தார். அவளும் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்த காலம். பைப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தாண்ணே வாத்தியார் வண்டி மாதிரி இருக்கு. முந்தி கல்யாண மாப்பிள்ள வண்டி மாதிரி இருந்துச்சு. பொண்ணுதான் கெடைக்கல" என்றாள். மாஸ்டர் வெட்கப்பட்டார். நானும் சிரித்தேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, நேர்முகப் பரீட்சைக்காக அவளை ஏற்றிக்கொண்டு வலப்பனைக்குக் கீழே இறங்கினார். வெயில் காலம். அங்கே ஒரு சிறு மேட்டில் இரண்டு பேரின் பாரத்தோடு வண்டியை முறுக்கி ஏற்றியிருக்கிறார். மேடு முடியும் இடத்தில் பிஸ்டன் கவ்வியது. பின் சக்கரம் நின்று, வண்டி இழுபட்டுப் போய் மதகில் மோதியது. மாஸ்டருக்குக் கையில் முறிவு. தவமணியின் வலது கால் வண்டிக்கும் மதகுக்கும் நடுவில் அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் அதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பைப்பு நீலமாகவே இருந்திருந்தால், அந்த வாரங்களில் அது இன்னும் ஏறியிருக்கும். பஜாரில் யாராவது ஒரு டிரைவர் பார்த்து, "மாஸ்டர், வண்டி சூடேறுது, காட்டுங்க" என்று சொல்லியிருப்பார். என் கறுப்பு அசையவில்லை.

வண்டியை லொறியில் ஏற்றி எங்கள் கராஜுக்கே கொண்டுவந்தார்கள். மாஸ்டர் கைக்கட்டோடு கூடவே வந்தார். பாஸ் பின்புறத்தில் வேலையாக இருந்தார். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "எண்ணெய கொறச்சு ஊத்தியிருப்பாரு. மாஸ்டர்மாருக்குப் புத்தகந்தானே தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"சவரி, எண்ண பத்தலையா?"

நான் சிலிண்டரைத் திறந்து பார்க்கவே இல்லை. ஆனால் வண்டி கீழே ஓடியது என்று கேள்விப்பட்டிருந்தேன்; உள்ளே வெளுத்திருந்த அந்தப் பைப்பை மறுபடி பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்படித்தான் தெரியுது மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அன்றே பாஸ் எஞ்சினைப் பிரித்தார். எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் பெட்டிக்குள் விரலை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் ஈரம் நன்றாகவே இருந்தது. பிளக்கை எடுத்தார்; சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பைப்பைக் கழற்றி, மடிப்பில் கத்திமுனையால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே நீலம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"கேட்டியா?"

"இல்ல பாஸ்."

காபரேட்டரைத் திறந்து ஜெட்டைக் கழற்றினார். அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "நீ போய் மாஸ்டர்கிட்ட சொல்லு. நான் சொல்றது சரியில்ல, நீதான் சொல்லணும்" என்றார். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். வார்டு ஜன்னலுக்குள் மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. திரும்பிவிட்டேன். மறுநாள் பாஸ், "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். "அவர் என்ன சொன்னாரு?" என்றார். "ஒண்ணும் சொல்லல பாஸ்" என்றேன். அவர் என்னை நம்பினார். தான் கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் வரும் என்று நினைக்கிற மனிதர் இல்லை அவர். அந்த நம்பிக்கையோடேயே இறந்தும் போனார்.

அதற்குப் பின் கராஜுக்கு வந்த ஒவ்வொரு வண்டியும் எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். கேட்காமல் ஒரு திருகாணியையும் தொட்டதில்லை. சவரிமுத்து எவ்வளவு கவனமான மெக்கானிக் என்று ஊரே சொன்னது. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று சாமியார் கேட்டார். "சொல்றேன் சாமி" என்றேன். அதையும் செய்யவில்லை. வயதாகிக் கை நடுங்கத் தொடங்கியதும் வேலையை விட்டு, கொட்டகலையில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுரேஷ் வந்துபோன அந்த வாரத்தில்தான் கந்தப்பளைக்குப் போனேன்.

அண்ணனும் தங்கையும் பஜாருக்கு மேலே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார்கள். மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், திருமணம் செய்துகொள்ளவில்லை. தவமணிக்கு நியமனம் கிடைக்கவே இல்லை. பொய்க்காலும் கைத்தடியுமாக நடந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே படிப்பிக்கிறாள். என்னை அடையாளம் கண்டவள் அவள்தான்.

"கராஜ் சவரி அண்ணன்தானே? வாங்க, வாங்க. என்ன இவ்ளோ மெலிஞ்சிட்டீங்க? உக்காருங்க. அண்ணே, பிளேன்டீ ஊத்துங்க."

மாஸ்டர் தேநீர் கலக்குவதை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. சீனியைக் கரண்டியில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி எடுத்தார்.

"பாத்தீங்களா? எதையும் ரெண்டு தரம் அளந்தாத்தான் அவருக்குத் திருப்தி. அடுப்புக்கு மண்ணெண்ண ஊத்துறதுக்கும் போத்தல தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு. அந்த எண்ண கொறஞ்சதுலேர்ந்து இப்பிடித்தான்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தேநீருக்குக் காத்திருக்க முடியவில்லை. மாஸ்டரையும் வந்து உட்காரச் சொன்னேன். ஜெட்டிலிருந்து தொடங்கி, ஆஸ்பத்திரி ஜன்னல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கராஜ் வாசலில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன்.

மாஸ்டர்தான் முதலில் கேட்டார்.

"அப்ப, எண்ண?"

"சரியா இருந்துச்சு மாஸ்டர்."

"நிச்சயமாவா?"

"என் விரலால தொட்டுப் பாத்தேன். நல்ல ஈரமா இருந்துச்சு."

"கலக்கும்போது அன்னக்கி இங்க மேல மழ தூறிச்சு. அவசரத்துல போத்தல சரியாச் சாய்க்கலயோன்னு…" அவர் நிறுத்தினார். பைப்பைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும், "சரியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நானும் மறுபடி சொன்னேன்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். தவமணி கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அத அப்பறம் பாப்போம் சவரி அண்ணே. கால் போனது போச்சு, கட்டையோட நடந்து பழகிட்டேன். ஆனா அன்னையிலேர்ந்து எங்கண்ணன் என் மொகத்தப் பாத்துப் பேசினதில்ல. சொவத்தப் பாத்துப் பேசுவாரு. சோத்துத் தட்டப் பாத்துப் பேசுவாரு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்கு அண்ணன் இல்லாமப் போச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

மாஸ்டர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து தங்கையின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தவம், ஆறிப் போச்சு. வேற ஊத்தட்டா?" என்றார், அவள் முகத்தைப் பார்த்து. அவள் கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

நான் புறப்பட்டபோது அவள் வாசல் வரை வந்தாள். மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்று பேச்சுக்கிடையில் சொல்லியிருந்தேன்.

"எழுதுங்க" என்றாள். "பஜார்ல இன்னமும் புது வண்டி எடுக்கிறவனுக்கு எங்கண்ணன் கதையத்தான் சொல்றாங்க, எண்ண கொறச்சா இப்பிடித்தான்னு. அவர் பேரப் போட்டு எழுதுங்க. ஒங்க அழுகையெல்லாம் வேணாம். எண்ண சரியா இருந்துச்சுன்னு எழுதுங்க, போதும்."

சுரேஷுக்கும் மற்றவர்களுக்கும்: நீலம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் செய்து கொடுங்கள். கழற்றிய பைப்பில், சுத்தமான உலோகத்தில், லாம்பை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம் தாண்டி ஊதா வந்ததும் லாம்பை விலக்கிவிடுங்கள், மிச்சச் சூடே நீலத்தைக் கொண்டுவரும். ஆனால் ஏற்கெனவே நீலமாக வரும் பைப்பில் கை வைக்கும் முன், வண்டி எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். கீழே என்றால் ஜெட்டைப் பாருங்கள். நீங்கள் போட்ட நீலம் எது, எஞ்சின் போட்ட நீலம் எது என்று பிற்பாடு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நீலம் போட்ட வண்டிக்காரரிடம் அதையும் சொல்லி அனுப்புங்கள்.

தவமணி கேட்டது ஒரு வரி. கந்தப்பளை ஆசிரியர் இராமலிங்கம் அன்று தன் வண்டியின் பெற்றோலில் கலந்த எண்ணெய் சரியான அளவில் இருந்தது.